நூறு கிராம் சிவப்புப் பயறு

ஜூன் 2, திங்கள்

புது நோட்டு. பழையது கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் மே 31-ஆம் தேதியோடு சரியாக முடிந்தது. சற்றுப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தானா என்று பிறகு சந்தேகம் வந்தது.

நோட்டு தொலைந்தால் கண்டெடுப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, வழக்கம்போல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆ. சிற்றம்பலம், வயது 67, சொந்த ஊர் தூத்துக்குடி. கற்றாழை நாரில் கயிறு திரிக்கும் மவிங்கு ஆலையில் கம்பெனிச் செயலர். டாங்கா நகரம், தான்சானியா. கண்டெடுப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா என்று இத்தனை வருடத்தில் இன்றுதான் தோன்றுகிறது.

நிர்வாக இயக்குநர் முஷி, நைரோபியில் தலைமைப் பண்பு குறித்த இரண்டு வாரப் பயிற்சியை முடித்துத் திரும்பினார். நாற்பத்தொரு வயது. என்னைக் கண்டதும், மூத்தவர்களுக்கு இங்கே சொல்லும் முறைப்படி, குனிந்து "ஷிகமூ" என்றார். நான் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் மேலதிகாரியின் வணக்கத்தை அப்படி ஏற்றுக்கொள்வது சரியா என்று தெரியாததால் நானும் "ஷிகமூ" என்றேன். ஏழு வருடமாக இருவரும் இப்படித்தான் நிற்கிறோம்.

மதிய உணவு: தயிர் சாதம். 12 நிமிடம்.

ஜூன் 4, புதன்

பயிற்சியின் விளைவு வந்துவிட்டது. பணியாளர் நலனில் சிறந்த நிறுவனத்துக்கான விருதுக்கு நம் ஆலை போட்டியிடுகிறது. ஜூலை 15-ல் மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். அதற்குள் பணியாளர்களின் மகிழ்ச்சியை வாரந்தோறும் அளக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருப்பதால் படிவம் வேண்டாம் என்றார் முஷி. அவரே ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை ஒவ்வொருவர் கையிலும் இரண்டு குவளை கொடுப்பது. ஒன்றில் வெள்ளைப் பயறு, ஒன்றில் சிவப்பு, இரண்டும் நூறு கிராம். (இந்தப் பயறை இங்கே மஹராகே என்பார்கள், நம் ராஜ்மா போன்றது.) திரைக்குப் பின்னால் ஒரு பீப்பாய். மகிழ்ச்சியாக இருப்பவர் வெள்ளையையும், இல்லாதவர் சிவப்பையும் அதில் கொட்ட வேண்டும். மிஞ்சிய குவளையைப் பக்கத்திலிருக்கும் கேன்டீன் சாக்கில் கொட்டிவிடலாம். அன்றைய சமையலுக்கு ஆகும். பீப்பாயில் விழுந்தது ஆவணம். அதைத் தரம் பிரித்து, கயிறு நிறுக்கும் தராசில் நிறுத்து, மூன்று மாதம் முத்திரையிட்டுக் காக்க வேண்டியது செயலரின் பொறுப்பு.

மகிழ்ச்சியைக் கிலோவில் சொல்வது முறையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மதிய உணவு: தயிர் சாதம், நாரத்தங்காய். 12 நிமிடம்.

ஜூன் 6, வெள்ளி

முதல் வாக்கெடுப்பு. மொத்தம் 212 பேர், முஷியும் நானும் உட்பட. யார் எதைக் கொட்டினார்கள் என்பது ரகசியம். நான் எதைக் கொட்டினேன் என்பதையும் இங்கே எழுத வேண்டியதில்லை.

முடிவு: மகிழ்ச்சி 21 கிலோ 100 கிராம். வருத்தம் 100 கிராம்.

முஷி தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

மதிய உணவு: தயிர் சாதம். 11 நிமிடம். கேன்டீன் பக்கம் வழக்கத்தைவிடச் சிரிப்புச் சத்தம் அதிகம். ஜன்னலை மூடவில்லை, காற்றுக்காக.

ஜூன் 9, திங்கள்

அந்த நூறு கிராம் முஷியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. தன் தலைமையின் கீழ் ஒரே ஒரு மனிதர் வருத்தத்தில் இருக்கிறார். அவர் யார், என்ன குறை என்று தெரிய வேண்டும் என்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

மகிழ்ச்சி 21 கிலோ 100. வருத்தம் 100 கிராம். போன வாரம் போலவே.

கேன்டீனை நடத்தும் மாமா ஸுபெதா வராந்தாவில் பிடித்துக்கொண்டார். (இங்கே மாமா என்றால் அம்மா. வந்த புதிதில் இதனால் ஒரு கடிதத்தையே தவறாக எழுதியிருக்கிறேன்.) தன் சாக்கில் வாராவாரம் யாரோ ஒரு குவளை வெள்ளைப் பயறைக் கலந்துவிடுகிறார்களாம். அது வேகாது, வயிறு ஊதும், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது, இரக்கமே இல்லாத ஜென்மம் யாரோ என்றார். கேன்டீன் விஷயத்தில் எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, வேகமாக அறைக்கு வந்தேன்.

மதிய உணவு: எலுமிச்சை சாதம். 12 நிமிடம்.

ஜூன் 16, திங்கள்

"ஒற்றை வருத்த விசாரணைக் குழு" அமைக்கப்பட்டிருக்கிறது. தலைவர் நான். உறுப்பினர்களும் நான்தான். விசாரணையில் இருவர் இருந்தால் தொழிலாளர்கள் பயப்படுவார்களாம். என்னைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் என்று முஷி அன்போடு சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

நான்கு நாளில் 211 பேரை விசாரித்தேன். எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாகவே சொன்னார்கள். காரணம் என்ன என்று கேட்டதற்கு 188 பேர் "வெள்ளிக்கிழமைச் சாப்பாடு" என்றார்கள். இவ்வளவு எளிய மனிதர்களா என்று வியந்து, அப்படியே அட்டவணையில் பதிந்தேன்.

நாங்கள் மொத்தம் 212 பேர். ஒருவர் விசாரிக்கப்படவில்லை. அறிக்கையின் அடிக்குறிப்பில், சிறிய எழுத்தில், அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

அதே 100 கிராம். அடிக்குறிப்பை முஷி படிக்கவில்லை. ஆனால் அவருக்கே ஒரு முடிவு கிடைத்துவிட்டது: வாயில் காவலர் அத்துமானி.

ஆதாரம், அவருடைய முகம். அது நீளமான முகம். கண்ணும் வாயும் கீழ்நோக்கி இருக்கும். எட்டு வருடமாகக் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் யாரோ இறந்த செய்தியைச் சொல்லப் போகிறவர் போலவே நிற்பார். காலையில் சொல்வது என்னவோ "நல்வரவு" என்றுதான்.

ஜூன் 23, திங்கள்

அத்துமானியை மகிழ்விக்கும் பணி தொடங்கியது. காலையில் கேக். "இந்த வார நட்சத்திரம்" என்று அவர் புகைப்படம் கேட்டில் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்த ஒரு லாரி டிரைவர் தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்திவிட்டுப் போனார். மாலையில் மெத்தை வைத்த நாற்காலி வந்தது.

அத்துமானி என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ம்ஸே, என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்களா? எட்டு வருஷமா ஒரு டீ கூடத் தராதவங்க எதுக்கு கேக் தராங்க?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன். ம்ஸே என்றால் பெரியவர். என்னை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

எந்திரப் பிரிவுப் பொறியாளர் எட்வின் செல்வக்குமார் வந்தான். இங்கே தமிழ் பேசக் கிடைக்கும் ஒரே ஆள், அவனும் தூத்துக்குடி. மதியம் மனைவி கையால் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவான். கிளம்புமுன் என் மேசை மேலிருந்த எடைப் பட்டியலைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, மூணு வாரமும் நூறு கிராமு. ஒரு பயறு கூடல, ஒரு பயறு குறையல. மத்தவன்லாம் குவளையக் கவுத்துட்டுப் போயிருதான், கீழ நாலு சிந்துது. இது தட்டித் தட்டிக் கொட்டின மாதிரி இருக்கு. இம்புட்டு ஒழுங்கா வருத்தப்படுத ஆளு இந்த ஆலையில யாரு இருக்கா?"

விசாரணை நடந்துகொண்டிருப்பதால் கருத்துச் சொல்ல இயலாது என்றேன்.

"சரி, சொல்லாதிய," என்று சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனான்.

மதிய உணவு: தயிர் சாதம். 12 நிமிடம். அதிகாரிகள் அறையின் மேசை எட்டுப் பேர் அமரக்கூடியது. முஷி மதியம் பச்சை நிறத்தில் ஏதோ சாறு குடிக்கிறார், அதுவும் நின்றுகொண்டே. அதிகாரிகள் ஆலைக்குள் உண்பதானால் அந்த அறையில் மட்டுமே உண்ண வேண்டும் என்பது பதினான்காம் விதி. பத்தொன்பது வருடத்துக்கு முன் அதை எழுதியவன் நான். நல்ல வாசகம். இன்றுவரை ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சிவப்பு 100 கிராம். இன்று திரைக்குப் பின்னால் யாரோ நான்கு நிமிடம் நின்றதாக வரிசையில் முணுமுணுப்பு. எனக்கு அடுத்து நின்றவர்கள் சொன்னது இது.

ஜூலை 2, புதன்

இயக்குநர் குழுத் தலைவி திருமதி ஷெகிலிண்டி தாருஸ்ஸலாமிலிருந்து தொலைபேசியில் பேசினார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலைக் கேட்டால் தொலைபேசியில்கூட எழுந்து நின்றுவிடுவேன். நூற்றுக்கு நூறு மகிழ்ச்சி என்று விருது விண்ணப்பத்தில் அச்சாகிவிட்டதாம். அத்துமானியின் ஒப்பந்தம் ஜூலை 12-ல் முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்பது அவர் யோசனை. குழு 10-ஆம் தேதி கூடி முடிவெடுக்கும்.

முஷிக்கு மனமில்லை. உறுதியாகத் தெரியாமல் எப்படி என்றார். பிறகு அவரே ஒரு சோதனை சொன்னார். இந்த வெள்ளிக்கிழமை அத்துமானிக்கு விடுப்பு. அப்போதும் சிவப்பு விழுந்தால் அவர் குற்றமற்றவர்.

நல்ல சோதனை. அறிவியல்பூர்வமானது. இதில் எந்தச் சிக்கலும் இல்லை. மேல் வரியை மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

சிவப்பு இல்லை.

21 கிலோ 100, அத்துமானி இல்லாமல் 211 பேர், அத்தனையும் வெள்ளை. ஆலை முழுவதும் கைதட்டினார்கள். மாமா ஸுபெதா சாக்கில் இன்று ஒரு வெள்ளைகூட இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு என் கையை என்று தெரியவில்லை.

மதிய உணவு: இல்லை.

ஜூலை 7, திங்கள்

சபசபா, இந்த நாட்டின் பொது விடுமுறை. சட்டைகளை இஸ்திரி போட்டேன். அத்துமானி வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தனக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்றார். வேலை போனால் ஆலைக் குடியிருப்பில் வீடும் போய்விடும். நான்கு பெண்கள், மூத்தவள் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள்.

"நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்னு எழுதுங்க, ம்ஸே. இது எங்க அப்பா முகம். அவர் கல்யாண போட்டோவிலயும் இப்படித்தான் இருப்பார். எங்கம்மா அதப் பார்த்துப் பார்த்தே நாற்பது வருஷம் சிரிச்சாங்க."

எழுதிக் கொடுத்தேன். நல்ல விண்ணப்பம்; ஒரு பிழை இல்லை. இரண்டு முறை படித்துக் காட்டினேன். இந்த நகரத்திலேயே தனக்கு உதவி செய்யக்கூடியவர் நான் ஒருவன்தான் என்று சொல்லி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி மீனலோசனி உயிரோடு இருந்திருந்தால் உள்ளேயிருந்து என்னைப் பார்த்திருப்பாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

வாழைப்பழம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 9, புதன்

நாளைய கூட்டத்துக்கான பொருள் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். ஆறாவது பொருள்: காவலர் அத்துமானி. ஒப்பந்தம் முடியும் கடிதத்தையும் தயாராக வைக்கச் சொன்னார்கள். நான்கு முறை அடித்தேன். நான்கிலும் பெறுநர் இடத்தில் அவர் பெயருக்குப் பதில் என் பெயர் விழுந்தது. விசைப்பலகை பழசு.

ஜூலை 10, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

பத்து மணிக்குக் கூட்டம். ஐந்து பொருள்கள் முடிந்தன. ஆறாவதை முஷி வாசித்தார். திருமதி ஷெகிலிண்டி, ஆட்சேபம் உண்டா என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் "செயலர் எழுந்து நின்றார்" என்று எழுதினேன். அதை எழுதிவிட்டதால் எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

என்ன சொல்வது என்று மூன்று இரவுகளாக யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்கு மனப்பாடமான ஒரே வாசகம்தான் வந்தது. நிர்வாக நெறிமுறைகள், இருபத்திரண்டாம் பிரிவு. "ஆறாம் பொருளில் எனக்குச் சொந்த நலன் சம்பந்தப்பட்டிருப்பதை அறிவிக்கிறேன்" என்றேன். அந்தப் பிரிவின்படி, அப்படி அறிவித்தவர் உடனே அறையை விட்டு வெளியேற வேண்டும். ஆகவே வெளியேறினேன்.

வராந்தாவில் நின்றேன். மனசு லேசாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாகவே ஒரு நிமிடம் நம்பினேன். மாமா ஸுபெதா டீத் தட்டோடு வந்து, ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. முஷி என்னை உள்ளே அழைத்தார். சொந்த நலன் என்ன என்பதைச் சொல்லாமல் போய்விட்டேனாம்.

மறுபடி நின்றேன். மாமா ஸுபெதாவும் தட்டோடு உள்ளே வந்துவிட்டார்.

"சிவப்புப் பயறு என்னுடையது," என்றேன். "நாலு வாரமும். போன வெள்ளிக்கிழமை மட்டும் பயந்துபோய் வெள்ளையைக் கொட்டினேன். அத்துமானிக்கு இதில் சம்பந்தமில்லை. அது அவருடைய அப்பா முகம்."

முஷியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திருமதி ஷெகிலிண்டி பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு என்ன குறை, செயலரே?"

"பன்னிரண்டு நிமிடம், அம்மா."

அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, எனக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகிறது, மீதி நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை, ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் வருகிறது என்று ஏதோ சொன்னேன். குரல் உடைந்ததாக நினைவில்லை. மற்றவர்கள் நினைவில் எப்படியோ.

அப்போதுதான் தட்டு மேசையில் சற்று ஓங்கி இறங்கியது.

"அப்போ என் சாக்கில வெள்ளையைக் கலந்த பாவி நீங்கதானா?" என்றார் மாமா ஸுபெதா.

பிறகு இயக்குநர் குழுவுக்கே விளக்கினார். சிவப்புப் பயறுதான் ருசி. வெள்ளையை மாடுகூட யோசித்துத்தான் தின்னும். கையில் இரண்டையும் கொடுத்து, ஒன்றைப் பீப்பாயில் கொட்டு, மற்றதைச் சமையலுக்குக் கொடு என்றால், யார் சிவப்பைப் பீப்பாயில் கொட்டுவார்கள்? வெள்ளிக்கிழமை நல்ல குழம்பு கிடைக்கட்டும் என்று ஆலை முழுவதும் வெள்ளையைத் தள்ளிவிட்டது. மகிழ்ச்சி, வருத்தம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அத்துமானியும் வெள்ளையைத்தான் கொட்டினார். அவர் இரண்டு தட்டுச் சாப்பிடுகிறவர்.

"இது எல்லாருக்கும் தெரியும். கேன்டீன்ல ஒரு நாள் உக்காந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

முஷி மெல்ல நாற்காலியில் அமர்ந்தார். 105 கிலோ மகிழ்ச்சியை முத்திரையிட்டு வைத்திருக்கிறோம் என்றார், யாரிடமும் அல்லாமல். அதில் போன வாரமே வண்டு விழுந்துவிட்டது என்பதை நான் பதிவுக்காகத் தெரிவித்தேன்.

திருமதி ஷெகிலிண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தன் முன்னால் ஒழுங்காக இருந்ததற்கும் இப்படித்தான் ஏதாவது காரணம் இருந்திருக்கும் என்றார்.

தீர்மானங்கள்: அத்துமானியின் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கப்படுகிறது. விருது விண்ணப்பம் திரும்பப் பெறப்படுகிறது. நாளை மீண்டும் வாக்கெடுப்பு, சாப்பிட முடியாத ஏதாவது ஒன்றால். பதினான்காம் விதி ரத்து. முன்மொழிந்தவர் முஷி. வழிமொழிய யாரும் முந்துவதற்குள் மாமா ஸுபெதா கையைத் தூக்கிவிட்டார். அவருக்கு வாக்குரிமை இல்லை. குறிப்பேட்டில் பதிந்துவிட்டேன்.

மாலையில் கேட்டில் அத்துமானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் அதே முகத்தோடு என்னைப் பார்த்தார். வாழைப்பழம் சாப்பிட்டீர்களா என்றார். இல்லை என்றேன். கறுத்துப்போவதற்குள் சாப்பிடுங்கள் என்றார். மன்னித்துவிட்டாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மறு வாக்கெடுப்பு, கூழாங்கல்லால். வெள்ளைக் கல் 69. கறுப்புக் கல் 143.

முஷி பட்டியலைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு நார் பிரிக்கும் கூடத்துக்குப் போய், என்ன குறை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தூசுக்கு முகக்கவசம் இல்லை. பெண்கள் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறார்கள். இரண்டு கழிப்பறைகளில் ஒன்று மார்ச் மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் நான் எழுதினேன், பதினோரு பக்கம். பூட்டை முஷி அங்கேயே உடைத்தார்.

காலையில் அவர் குனிந்து "ஷிகமூ" என்றபோது நான் "மரஹபா" என்று சொல்லிவிட்டேன். தவறாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் எந்தக் கல்லைப் போட்டேன் என்பது ரகசியம்.

மதிய உணவு: களி, சிவப்புப் பயறுக் குழம்பு, கேன்டீனில். என் தயிர் சாதத்தை அத்துமானி வாங்கி ருசி பார்த்து, இது கெட்டுப்போய்விட்டது ம்ஸே என்றார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அத்துமானியும் சிரித்தார் என்று எட்வின் அடித்துச் சொல்கிறான். அவன் இன்று வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாவது தட்டு வாங்கினேன்.

1 மணி 4 நிமிடம். மணி அடித்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.